ஊடல்

ஊடல் என்பது, ஒருவரையொருவர் விரும்பும் இருவரில் ஒருவர் மற்றவர்மீது கொள்ளும் அன்புக் கோபம் ஆகும். பேசாதிருத்தல், முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல், குத்தலாக ஒரு சொல் சொல்லுதல், கேட்ட கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை தருதல் ஆகியவை இதன் அடையாளங்கள். பேச்சு வழக்கில் ‘கோவித்துக்கொண்டிருக்கிறாள்’, ‘முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான்’ என்று சொல்வதும் இதைத்தான்.

காதல் வாழ்வில் எல்லா மொழியினரும் ஊடுகின்றனர். ஆனால் தமிழ் இலக்கண நூலார் அதைத் தனியே பெயரிட்டு, ஒரு திணைக்கே உரிய பொருளாக வைத்தனர். அது எப்படித் தொடங்கும், யார் தீர்த்து வைப்பார், எந்த அளவைத் தாண்டினால் கேடாகும் என்பதையும் வகுத்துக் கூறினர். இந்த நூல்களைச் சேர்த்துப் படிக்கும்போது ஒன்று தெளிவாகிறது. ஊடல் என்பது வாயால் சொல்லாமல் சொல்லப்படும் ஒரு செய்தி. அதைப் படிக்கத் தெரிந்தவர் எதிரே இருக்கும்வரைதான் அது அன்பின் பகுதியாக இருக்கிறது.

சொல்லும் பொருளும்

இந்த உணர்வைக் குறிக்க இலக்கியத்தில் மூன்று சொற்கள் வருகின்றன: புலவி, ஊடல், துனி. பல இடங்களில் இவை ஒன்றுக்கொன்று மாற்றாகவும் வரும். உரையாசிரியர்கள் இவற்றிடையே அளவு வேறுபாடு காட்டுவர். புலவி என்பது தொடக்க நிலையிலுள்ள சிறு மனத்தாங்கல். அது சற்று வளர்ந்து, குறிப்பாலும் சொல்லாலும் வெளிப்படும் நிலை ஊடல். தீர்க்க முயன்றும் தீராமல் நீண்டு முற்றிப்போன நிலை துனி. திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் புலவியை இளைய கலாம் என்றும், துனியை முதிர்ந்த கலாம் என்றும் விளக்குகிறார். கலாம் என்பதற்குச் சண்டை என்று பொருள்.

ஊடலைத் தீர்ப்பதற்கு இலக்கணத்தில் வழங்கும் சொல் ‘உணர்த்துதல்’ என்பது. ஊடியவர் மனம் தேறுவது ‘உணர்தல்’. தோற்கடித்தல், அடக்குதல், சமாளித்தல் போன்ற சொற்களை விட்டுவிட்டு, புரியவைத்தல் என்னும் பொருளுடைய சொல்லை நம் முன்னோர் இதற்குத் தேர்ந்தெடுத்தனர். ஊடலில் ஒருவர் எதிர்பார்ப்பது, தம் வருத்தத்தை மற்றவர் புரிந்துகொள்ள வேண்டும் என்பதும், மற்றவர் மனத்தைத் தமக்குப் புரியவைக்க வேண்டும் என்பதுமே. அந்த எதிர்பார்ப்பு இந்தச் சொல்லிலேயே அடங்கியிருக்கிறது.

இலக்கணத்தில் ஊடல்

அகத்திணையின் ஐந்து நிலங்களுக்கும் ஐந்து உரிப்பொருள்கள் உண்டு. குறிஞ்சிக்குப் புணர்தல், முல்லைக்கு இருத்தல், மருதத்திற்கு ஊடல், நெய்தலுக்கு இரங்கல், பாலைக்குப் பிரிதல். மருதம் என்பது வயலும் வயல் சார்ந்த இடமும். நீர் வளமும் நெல் வளமும் நிறைந்து, பொழுதுபோக்கிற்கு இடமுள்ள ஊர் வாழ்க்கை அங்கே இருந்தது. வைகறையும் விடியலும் மருதத்தின் சிறுபொழுதுகள். இரவு வேறிடத்தில் தங்கிய தலைவன் வீடு திரும்பும் நேரம் அதுவே.

ஊடலைத் தீர்க்கத் தூது செல்வோரை ‘வாயில்கள்’ என்று தொல்காப்பியம் குறிப்பிடுகிறது. தோழி, தாய், பாங்கன், பாணன், விறலியர், கூத்தர், விருந்தினர், அறிவர் உள்ளிட்ட பன்னிருவரை அந்நூலின் கற்பியல் வாயில்களாகக் கூறுகிறது. வீட்டுக்குள் நுழைய வாயில் வேண்டியிருப்பதுபோல, சாத்தப்பட்ட மனத்துக்குள் நுழைய இவர்கள் வழியாகின்றனர். தலைவன் தூது அனுப்புவது வாயில் வேண்டல். தலைவியோ தோழியோ ஏற்க மறுப்பது வாயில் மறுத்தல். ஏற்றுக்கொள்வது வாயில் நேர்தல். இவை ஒவ்வொன்றும் தனித்தனித் துறைகளாகப் பாடப்பட்டுள்ளன.

ஊடல் பெண்ணுக்கே உரியது என்று பலரும் எண்ணுகின்றனர். பாடல்களில் பெரும்பாலும் தலைவியே ஊடுகிறாள் என்பது உண்மை. ஆயினும் தலைவனும் ஊடலாம் என்று தொல்காப்பியம் கூறுகிறது. சந்திப்பதாகக் குறித்த இடத்தில் சந்திப்பு தவறினாலும், தான் உணர்த்த முயலும் எல்லையைக் கடந்து தலைவியின் ஊடல் நீண்டாலும், புலத்தலும் ஊடலும் அவனுக்கும் உரியவை ஆகின்றன. உணர்த்துவதற்கு ஓர் எல்லை உண்டு, அந்த எல்லைக்குள் ஊடல் முடிய வேண்டும் என்னும் கருத்தும் இதில் அடங்கியுள்ளது.

சங்கப் பாடல்களில் ஊடல்

ஐங்குறுநூற்றின் முதல் நூறு பாடல்கள் மருதத் திணைக்கு உரியவை. அவற்றைப் பாடியவர் ஓரம்போகியார். அவற்றுள் ‘புலவிப் பத்து’, ‘புலவி விராய பத்து’ என்று பெயர் பெற்ற பகுதிகளே உள்ளன. அகநானூற்றில் 6, 16, 26 என்று ஆறில் முடியும் எண்ணுடைய 40 பாடல்கள் மருதப் பாடல்கள். கலித்தொகையில் மருதன் இளநாகனார் பாடிய 35 மருதக்கலிப் பாடல்களில், தலைவனும் தலைவியும் நேருக்கு நேர் வாதிடும் உரையாடல்களைக் காணலாம்.

குறுந்தொகையின் 8-ஆம் பாடல் ஆலங்குடி வங்கனார் பாடியது. அதில் பேசுபவள் தலைவனின் பரத்தை. எங்கள் வீட்டில் பெரிய பேச்சுப் பேசும் அவன், தன் வீட்டுக்குப் போனதும் மகனின் தாய் விரும்புவதையெல்லாம் கண்ணாடியில் தெரியும் பாவைபோல் செய்கிறான் என்று அவள் எள்ளுகிறாள். ஓரிடத்தில் ஒன்றும் வேறிடத்தில் வேறொன்றும் பேசுபவனின் சொல்லுக்கு மதிப்பில்லாமல் போவதை இப்பாடல் காட்டுகிறது.

நற்றிணையின் 120-ஆம் பாடல் மாங்குடி கிழார் பாடியது. ஊடல் கொண்ட மனைவி அடுக்களையில் விருந்தினருக்காகச் சமைத்துக்கொண்டிருக்கிறாள். புகையால் கண்கள் சிவந்திருக்கின்றன, நெற்றி வியர்த்திருக்கிறது. விருந்தினர் இருக்கும்போது அவள் கோபத்தைக் காட்டமாட்டாள், சிறிது புன்னகையும் செய்வாள். ஆகையால் எப்போதும் விருந்து வரட்டும் என்று கணவன் விரும்புகிறான். விருந்தினரைத் தொல்காப்பியம் ஏன் வாயில்களில் சேர்த்தது என்பதற்கு இப்பாடல் நல்ல எடுத்துக்காட்டு. படிக்க இனிமையான பாடல்தான். ஆனால் விருந்து மறைத்த கோபம் விருந்து போனபின் திரும்பி வரும் என்பதையும் மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

சங்க மருதப் பாடல்களின் சமூகப் பின்னணியை மறைக்க வேண்டியதில்லை. ஊடலுக்கு முதன்மைக் காரணம் தலைவனின் பரத்தையர் ஒழுக்கம். அவனுக்கு இருந்த உரிமை அவளுக்கு இல்லை. வீட்டை விட்டு வெளியேறுவதும் எளிதன்று. இந்நிலையில், கதவை அடைப்பதும், தூதரைத் திருப்பி அனுப்புவதும், பேச மறுப்பதும்தான் அவளிடம் இருந்த எதிர்ப்புக் கருவிகள். ஊடலை வெறும் கொஞ்சல் என்று மட்டும் படித்தால், இப்பாடல்களில் உள்ள வலியைத் தவறவிட்டுவிடுவோம்.

திருக்குறளில் ஊடல்

திருக்குறளின் காமத்துப்பால் 25 அதிகாரங்கள் கொண்டது. அதன் கடைசி மூன்று அதிகாரங்களும் ஊடலைப் பற்றியவை: புலவி (131), புலவி நுணுக்கம் (132), ஊடலுவகை (133). அறத்தில் தொடங்கிய நூல் 1330-ஆம் குறளில் ஊடலும் அதன் பின் வரும் கூடலும் தரும் இன்பத்தோடு முடிகிறது.

புலவி அதிகாரம் அளவைப் பற்றிப் பேசுகிறது. குறள் 1302 ஊடலை உணவிலிடும் உப்புக்கு ஒப்பிடுகிறது. அளவாக இருந்தால் சுவை, நீள விட்டால் உப்பு மிகுந்த கறிபோல் ஆகிவிடும். குறள் 1306 துனி இல்லாத காதல் அளவு கடந்து பழுத்த கனி போன்றது என்றும், புலவி இல்லாத காதல் முற்றாத காய் போன்றது என்றும் சொல்கிறது. குறள் 1304 ஊடியவரைத் தேற்றாமல் விடுவது, ஏற்கனவே வாடிய கொடியை வேரோடு அறுப்பதற்கு ஒப்பாகும் என்கிறது. ஊடியவருக்கு மட்டுமன்றி, ஊடப்பட்டவருக்கும் கடமை உண்டு என்பது இதன் பொருள்.

இந்த அதிகாரத்தில் சிந்திக்கத் தக்க மற்றொரு குறள் 1308. நாம் வருந்துகிறோம் என்பதை அறியும் அன்பர் இல்லாதபோது வருந்தி என்ன பயன் என்று அது கேட்கிறது. ஊடல் ஒரு செய்தி என்று தொடக்கத்தில் கூறினோம். பெறுபவர் இல்லாத கடிதம் எப்படிப் பயனற்றதோ, அப்படித்தான் அறிபவர் இல்லாத ஊடலும்.

புலவி நுணுக்கம் நகைச்சுவை நிறைந்த அதிகாரம். இதில் ஊடலுக்குக் காரணம் மிக நுட்பமானது. சில வேளைகளில் காரணமே இல்லை என்றும் தோன்றும். யாரைக் காட்டிலும் உன்மேல் காதல் உடையேன் என்கிறான் கணவன். ‘யாரைக் காட்டிலும்?’ என்று கேட்டு அவள் ஊடுகிறாள் (1314). இந்தப் பிறவியில் பிரியமாட்டேன் என்கிறான். அப்படியானால் அடுத்த பிறவியில் பிரிவீர்களா என்று எண்ணி அவள் கண்ணில் நீர் நிறைகிறது (1315). உன்னை நினைத்தேன் என்கிறான். நினைத்தீர்கள் என்றால் இடையில் மறந்தீர்கள் என்றுதானே பொருள் என்று அவள் விலகுகிறாள் (1316). தும்மினால் யார் நினைத்ததால் தும்மினீர் என்று அழுகிறாள் (1317). தும்மலை அடக்கினாலும், உம்மவர் நினைப்பதை என்னிடம் மறைக்கிறீரா என்று அழுகிறாள் (1318).

இவற்றைப் படிக்கும் ஆண்கள் எப்படிப் பேசினாலும் தப்பில்லை என்று சிரிப்பதுண்டு. ஆனால் சற்று ஊன்றிப் பார்த்தால் உரையாடலின் ஓர் உண்மை புலப்படும். பேசுபவர் ஒரு பொருளை நினைத்துச் சொல்கிறார்; கேட்பவர் தம் அச்சத்தின் வழியாக அதைக் கேட்கிறார். இந்தக் குறள்களில் வரும் மனைவியின் ஒவ்வொரு கேள்விக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: ‘உங்கள் மனத்தில் எனக்கு உள்ள இடம் உறுதியானதா?’ அதற்கு விடை கிடைக்காதவரை தும்மலும் சான்றாகிவிடும். சொல்லுக்குச் சொல் வாதாடுவதால் இந்த ஊடல் தீராது. அடியில் உள்ள கேள்விக்கு விடை சொன்னால்தான் தீரும்.

ஊடலுவகை அதிகாரத்தில் 1327-ஆம் குறள், ஊடலில் தோற்றவரே வென்றவர் என்கிறது. விட்டுக்கொடுப்பதை இழிவாக எண்ண வேண்டாம் என்பதே அதன் அறிவுரை.

ஊடல் முறிவானது: கோவலனும் மாதவியும்

ஊடலைத் தவறாகப் படித்தால் என்ன நேரும் என்பதற்குச் சிலப்பதிகாரத்தின் கானல்வரி சான்றாகும். இந்திர விழாவின் முடிவில் கோவலனும் மாதவியும் புகார் நகரின் கடற்கரைக்குச் செல்கின்றனர். கோவலன் யாழ் இசைத்துப் பாடுகிறான். அவன் பாட்டில் வேறொரு பெண்ணைப் பற்றிய குறிப்பு இருப்பதாக மாதவி எண்ணுகிறாள். கேட்டுத் தெளிந்துகொள்ளவில்லை. புலவி கொண்டு யாழை வாங்கி, தானும் வேறொரு குறிப்புடையவள்போல் பாடுகிறாள். அதை அவன் உண்மை என்று கொள்கிறான். அவனும் கேட்கவில்லை. அவளைத் தனியே விட்டுச் செல்கிறான்.

மாதவி கடிதம் எழுதித் தோழி வயந்தமாலையிடம் கொடுத்தனுப்புகிறாள். கோவலன் அதை வாங்க மறுக்கிறான். அவள் ஆடல்மகள், அவள் அன்பும் நடிப்பே என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறான். மாலையில் வராவிட்டாலும் காலையில் வருவார் என்று மாதவி நம்புகிறாள். அவள் அதை ஊடல் என்றே எண்ணினாள். அவனோ முடிவு என்று எண்ணிவிட்டான். கண்ணகியிடம் திரும்பிய அவன், பொழுது விடியுமுன் அவளுடன் மதுரைக்குப் புறப்படுகிறான்.

வழியில் கோசிகன் என்னும் அந்தணன் மாதவியின் இரண்டாம் கடிதத்தைக் கொண்டுவந்து தருகிறான். அதைப் படித்தபின்தான், குற்றம் அவளுடையதன்று, தன்னுடையது என்று கோவலன் உணர்கிறான். அந்த உணர்வு வரும்போது அவன் மதுரையை நெருங்கிவிட்டான். இளங்கோவடிகள் இதை ஊழ்வினையின் செயல் என்கிறார். கதைப் போக்கில் பார்த்தால், கடற்கரையில் ஒருவர் ‘யாரைப் பாடினீர்கள்?’ என்று கேட்டிருந்தால் போதும். இருவரும் திறமையான கலைஞர்கள். குறிப்பால் பேசுவதில் வல்லவர்கள். அந்தத் திறமையே நேரான கேள்விக்குத் தடையானது.

ஊடல் ஆகாதவை

ஊடல் என்ற பெயரில் வேறு சிலவும் வழங்குகின்றன. இவற்றைப் பிரித்தறிவது இளைஞர்களுக்கு மிகவும் தேவை.

முதலாவது, விருப்பமில்லாதவரின் மறுப்பு. ஊடல் என்பது ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்ட இருவரிடையே மட்டும் நிகழ்வது. ஒருபக்கக் காதலைத் தொல்காப்பியம் கைக்கிளை என்று பிரித்து, அன்பின் ஐந்திணைக்கு வெளியே வைத்தது. தன்னை விரும்பாத பெண் பேச மறுப்பதை ஊடல் என்று எண்ணிப் பின்தொடர்வது, திரைப்படங்கள் பலவற்றில் காதலாகக் காட்டப்பட்டுள்ளது. அது காதலும் அன்று, ஊடலும் அன்று. அங்கே ‘வேண்டாம்’ என்பதற்கு வேண்டாம் என்பதே பொருள். ஏற்றுக்கொண்டவரிடையிலும் ஒருவர் தெளிவாக மறுப்பதை விளையாட்டு என்று கொள்ளக்கூடாது.

இரண்டாவது, தண்டனையாகப் பேசாதிருத்தல். நாள் கணக்கில், வாரக் கணக்கில் பேச்சை நிறுத்தி, மற்றவர் காலில் விழும்வரை காக்கவைப்பது துனியையும் கடந்தது. ஊடல் மறைமுகமாக ‘என்னிடம் வா’ என்கிறது. தண்டனை மௌனமோ ‘நீ இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றே’ என்கிறது.

மூன்றாவது, அச்சத்தால் வரும் மௌனம். பேசினால் அடி விழும், வசை விழும், செலவுக்குப் பணம் கிடைக்காது என்று ஒருவர் வாய் மூடியிருந்தால், அதற்கு ஊடல் என்று பெயர் வைப்பது கொடுமை. அங்கே தேவை சமாதானப் பேச்சு அன்று, பாதுகாப்பு.

நான்காவது, இடைவிடாத சந்தேகம். கைப்பேசியைச் சோதித்தல், கடவுச்சொல்லைக் கேட்டல், நண்பர்களுடன் பேசத் தடை விதித்தல் ஆகியவை உரிமைக் கோபம் என்று சொல்லப்பட்டாலும் கட்டுப்படுத்தும் செயல்களே.

தற்கால உளவியல் பார்வை

தம்பதியர் உரையாடலை ஆராய்ந்தவர்களில் குறிப்பிடத்தக்கவர் அமெரிக்காவின் வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜான் காட்மன். தம்பதியரைக் கருத்து வேறுபாடுள்ள ஒரு பொருளைப் பற்றிப் பேசச் செய்து, முகபாவம், குரல், இதயத் துடிப்பு ஆகியவற்றை அவர் பதிவு செய்தார். உறவைச் சிதைக்கும் நான்கு பழக்கங்களை அவர் எடுத்துக்காட்டினார்: செயலை விட்டு ஆளையே குறைகூறுதல், இகழ்தல், தன்மேல் தவறே இல்லை என்று தற்காத்துக்கொள்ளுதல், சுவர்போல் ஆகி விடைதர மறுத்தல். இவற்றுள் இகழ்ச்சியே மிகக் கேடானது என்பது அவர் கருத்து. நிலைத்த உறவுடையோர், வாதத்தின் நடுவிலும் ஒரு கசப்பான சொல்லுக்கு ஐந்து அளவில் இனிய சொற்களையும் செயல்களையும் கொண்டிருந்தனர் என்றும் அவர் கண்டார்.

மனம் கொதிக்கும்போது இதயத் துடிப்பு உயர்கிறது. எதிரே இருப்பவர் சொல்வது காதில் ஏறுவதில்லை. அந்நேரத்தில் குறைந்தது 20 நிமிடமாவது விலகியிருந்து, பிறகு திரும்பி வந்து பேசலாம் என்று காட்மன் அறிவுறுத்துகிறார். திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டு விலகுவதும், சொல்லாமல் மறைவதும் ஒன்றல்ல.

ஊடலைப் படித்தலும் தீர்த்தலும்

இன்றைய காதலர்க்கும் இளந்தம்பதியர்க்கும் பாணனும் விறலியும் இல்லை. அவர்களின் இடத்தில் கைப்பேசி இருக்கிறது. வாட்சப்பில் நீலக் குறி விழுந்தும் பதில் வராதது, நிலைப்படத்தை மாற்றியது, எண்ணைத் தடை செய்தது எல்லாம் இன்று ஊடலின் மொழியாகிவிட்டன. ஆனால் நீலக் குறிக்கு முகம் இல்லை. அவர் கோபமாக இருக்கிறாரா, வேலையாக இருக்கிறாரா, மின்னூட்டம் தீர்ந்துவிட்டதா என்பதை அது சொல்லாது. குறிப்பை நம்பிக் கெட்ட கோவலன் கதை இங்கே மறுபடியும் நடக்க இடமுண்டு.

மேலே கண்ட நூல்களிலிருந்தும் ஆய்வுகளிலிருந்தும் பின்பற்றத்தக்க சில வழிகளைத் தொகுத்துக் கூறலாம்.

1. ஊடுபவர், தாம் எதற்காக வருந்துகிறோம் என்பதை அன்றைக்குள் சொல்லிவிட வேண்டும். ‘ஒன்றுமில்லை’ என்பது விடையன்று. ‘இப்போது பேசமுடியவில்லை, இரவு பேசுகிறேன்’ என்பது விடை.

2. ‘நீங்கள் எப்போதும் இப்படித்தான்’ என்பது ஆளைக் குறைகூறுவது. ‘நேற்று ஆறு மணிக்கு வருகிறேன் என்று சொல்லி வராதது எனக்கு வருத்தமாக இருந்தது’ என்பது செயலைச் சொல்வது. இரண்டாவதற்குத்தான் மறுமொழி கிடைக்கும்.

3. ஊடப்பட்டவர், காரணம் சிறியது என்று தள்ளக்கூடாது. தும்மலுக்குக் கோபமா என்று சிரிப்பதற்கு முன், அடியில் உள்ள கேள்வி என்ன என்று பார்க்க வேண்டும்.

4. எழுதிப் புரியாததை நேரில் பேச வேண்டும். நேரில் முடியாவிட்டால் குரலாவது கேட்க வேண்டும்.

5. வாயிலாக ஒருவரை அமைத்தால், இருவருக்கும் நல்லவராக இருக்க வேண்டும். ஒருவர் பக்கம் மட்டும் நின்று பேசும் உறவினரும் நண்பரும் ஊடலைத் துனியாக்கிவிடுவர்.

6. தவறு தம்முடையது என்றால், காரணம் அடுக்காமல் அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

முடிவுரை

சொல்லாமலே புரிந்துகொள்வதுதான் உண்மைக் காதல் என்று இளமையில் பலரும் நம்புகின்றனர். ஊடலை இவ்வளவு நுட்பமாகப் பாடிய நம் இலக்கியம் அப்படிச் சொல்லவில்லை. சொல்லாததைச் சொல்ல வைக்கத்தான் அது பன்னிரண்டு வாயில்களை அமைத்தது. உப்பின் அளவு சமைப்பவர் கையில் இருப்பதுபோல, ஊடலின் அளவு இருவர் கையிலும் இருக்கிறது. ஊடலாம், தவறில்லை. அதை எந்தச் சொல்லால் முடிக்கப் போகிறோம் என்பதையும் ஊடத் தொடங்கும்போதே மனத்தில் வைத்திருப்பது நல்லது.